காலியாகத் திரும்பிய பாட்டில்

என் அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்தத் தடவை ரத்தம் எடுத்துப் பரிசோதித்து லேப்காரர் முத்திரை குத்திக் கொடுத்த நலம். அங்கே நீ நலமா என்று கேட்க எனக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கும் உன் பழைய புத்தியைக் காட்டாதே. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறாள். ஒன்றுமில்லாததற்கா அத்தனை நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்? ஆகவே அவள் பஸ் ஓட்டப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, தையல் மிஷினை நிறுத்திவிட்டு, துணி வெட்டும் மேஜையிலேயே காகிதத்தை விரித்துவிட்டேன். ஆமாம், சரியாகத்தான் படித்தாய், பஸ் ஓட்டத்தான் போயிருக்கிறாள். போன வாரத்திலிருந்து மறுபடி டியூட்டி. நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நீ ஓட்டுகிற கிரேனின் கூண்டில் உட்கார்ந்துகொண்டு பதறாமல் மற்றதைப் படிக்கலாம். கூண்டில் உட்கார்ந்து படிக்காதே, இறங்கி வந்து படி.

இந்த வருஷம் வெயில் எப்போது ஆரம்பித்தது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. குளிருக்கென்று ஒருவர் தைக்கக் கொடுத்த கோட்டு முடிந்து ரொம்ப நாளாகிறது, ஆள் வாங்க வரவே இல்லை, அது ஹாங்கரில் தொங்கிக்கொண்டு என்னை முறைக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கையில்லாமல் தையுங்கள், தொளதொளவென்று தையுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியைத் தொடவே பயமாக இருக்கிறது. எனக்காவது தலைக்கு மேல் ஃபேன் இருக்கிறது. உன் அம்மாவுக்கு என்ன இருக்கிறது? அவளுடைய சீட்டை ஒட்டியே இன்ஜின் பெட்டி, முன்னால் அவ்வளவு பெரிய கண்ணாடி, அதில் நேராக வெயில். போதாக்குறைக்கு அவளுடைய ரூட்டின் கடைசி நிறுத்தம் குப்பை மைதானத்துக்குப் பக்கத்தில். நீ இங்கே இருந்தபோது அது சின்ன மேடு, இப்போது மலை. வெயில் ஏற ஏற அது தானாகவே பற்றிக்கொள்கிறது, அணைத்தால் இன்னொரு மூலையில் புகைகிறது. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் அடுப்பு. இரண்டில் எது வேண்டும் என்று தினமும் அவளை யாரோ கேட்பது போல. பல நாள் மூடித்தான் ஓட்டினாள். சாயங்காலம் கண் சிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு வருவாள், தலைவலி மாத்திரை ஒன்று போடுவாள். அந்த மாத்திரையும் சேர்ந்துதான் வேலையைக் காட்டியது என்பது பிறகு தெரிந்தது.

நான் சும்மா இருந்தேனா? என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன், செய்துவிட்டு உலகத்திலேயே நல்ல புருஷன் நான்தான் என்று நினைத்துக்கொண்டும் இருந்தேன். கடையில் இருப்பதிலேயே பெரிய தண்ணீர் பாட்டிலாக வாங்கி, கெட்டித் துணியில் அதற்கு ஒரு உறை தைத்து, தோளில் மாட்ட வாரும் வைத்து, தினமும் காலையில் கழுத்து வரை நிரப்பிக் கொடுத்தனுப்பினேன். முகம் துடைத்துக்கொள்ள வெட்டியது போக மிஞ்சும் துணித் துண்டுகளையும் பையில் திணித்துவிடுவேன். சாயங்காலம் பாட்டில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் காலியாக வரும். உன் அம்மாவும் வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், பையைக் கட்டிலில் எறிந்துவிட்டு நேரே பாத்ரூமுக்கு ஓடுவாள். அவ்வளவு தண்ணீர் குடித்தால் ஓடத்தானே வேண்டும் என்று நான் கேலி செய்வேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் வேறு, பெண்டாட்டியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் வந்து கேளுங்கள் என்று பீற்றிக்கொண்டேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், என் மூக்கு உடைந்த கதை இதில்தான் இருக்கிறது.

அன்றைக்கு மத்தியான டிரிப். குப்பை மைதானத்திலிருந்து திரும்பி வருகிற வழியில் அவளுக்குக் கண் இருட்டியிருக்கிறது. வண்டி நிறைய ஆள். வேறு யாராவது என்றால் என்ன ஆகியிருக்குமோ, உன் அம்மா வண்டியை ஓரம் கட்டி, ஹாண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, இரண்டு கதவையும் திறந்துவிட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கிறாள். மயக்கம் போடுவதிலும் ஒழுங்கு. தலை போய் ஹாரனில் விழுந்ததில் அது விடாமல் அலற, பின்னாலிருந்து கண்டக்டர் ஓடி வந்திருக்கிறார். உனக்குத் தெரியுமே, விசில் மாமா, சின்ன வயதில் உன்னைப் படிக்கட்டில் உட்கார வைத்து விசில் ஊதக் கொடுத்தவர். அவர்தான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, எனக்கும் போன் செய்தார். அப்போது நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலர் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது, பிரித்துத் தைக்க மனம் வரவில்லை. கடையைப் பூட்டாமலே ஓடினேன்.

ஆஸ்பத்திரியைப் பார்த்தால் நமக்கு முன்னாலேயே ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது. கட்டில் கிடைக்கவில்லை, வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே டிரிப் ஏற்றினார்கள். ஒரு பக்கம் கொத்தனார், இன்னொரு பக்கம் பேக்கரியில் அடுப்படியில் நிற்கிறவர், எதிரே வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகிற பையன். சுவரோரம் பெஞ்சில் குழந்தைகள் வரிசையாக மூக்கில் மருந்துப் புகை மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார்கள், அம்மாக்கள் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் குப்பை மைதானத்துப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளாம். உலகம் சூடாகிறது என்று டிவியில் சொன்னபோதெல்லாம், அது பனிக்கரடிக்கு வந்த கஷ்டம் என்று சேனலை மாற்றினவன் நான். அந்த வராந்தாவில் ஒரு கரடியும் இல்லை. எல்லாம் நம்மைப் போல வேலைக்குப் போகிற ஆட்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள்.

எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர், கொண்டையில் பேனாவைச் செருகி வைத்திருப்பார், அதனால் நான் பேனா டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டேன், அவருக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனை வந்ததும் அவர் முகம் மாறியது. கிட்னி இரண்டும் சரியாக வேலை செய்யவில்லை என்றார். பிறகு, தினமும் எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்று கேட்டார். உன் அம்மா அரைக்கண் திறந்து பக்கத்தில் படுத்திருக்க, அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். பாட்டிலின் அளவைக் கையால் காட்டி, நானே நிரப்பிக் கொடுக்கிறேன் டாக்டர், ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டாள், வீட்டுக்கு வந்ததும் பாத்ரூமுக்குத்தான் ஓடுவாள் என்று உறை தைத்த கதை வரைக்கும் சொன்னேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரத்தத்தைப் பாத்தா தண்ணியே குடிக்காத ஆள் மாதிரி இருக்கு, நீங்க இவ்வளவு குடிக்கிறாங்கன்னு சொல்றீங்க" என்றார். நான் விடுவேனா, சத்தியம் செய்யாத குறைதான். அப்படியென்றால் தண்ணீர்க் குறைவு மட்டும் காரணமாக இருக்க முடியாது, கிட்னியிலேயே வேறு வியாதி இருக்கலாம், டிரிப் ஏற்றிப் பார்ப்போம், ரத்தத்தில் கழிவின் அளவு இறங்காவிட்டால் ஊசி விட்டுக் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், மெஷினில் ரத்தம் சுத்தம் செய்யவும் வேண்டியிருக்கலாம் என்றார்.

உனக்கு நான் போன் செய்தது அதற்கு அப்புறம்தான். மயக்கம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன், மெஷின் விஷயத்தை மறைத்தேன். நீ உடனே கிளம்பி வருகிறேன் என்றாய், நான் பொறு என்றேன். பொறு என்று சொன்னவனுக்குப் பொறுமை இருந்ததா என்று கேட்காதே. மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிறவர்கள் உட்காரும் அறை அந்த வராந்தாவின் கோடியில்தான் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு இத்தனை தடவை என்று வந்து உட்காருகிறார்களாம், ஆயுசுக்கும். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத உன் அம்மாவை அந்த நாற்காலியில் நினைத்துப் பார்த்தேன். அதன் பிறகு வராந்தாவின் அந்தக் கோடிக்கே போகவில்லை, தண்ணீர் பிடிக்கக்கூடச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனேன்.

மறுநாள் விசில் மாமா பழங்களோடு வந்தார். அம்மா நன்றாகக் கண் விழித்திருந்தாள், ஆனால் பேசத் தெம்பில்லை. பேனா டாக்டர் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். விசில் மாமா நலம் விசாரித்த கையோடு, வழக்கம்போல டிப்போ புராணத்தை ஆரம்பித்துவிட்டார். அக்கா இல்லாமல் வண்டி வண்டியாகவே இல்லையாம். "புதுசா ஒருத்தரை அனுப்பினாங்க மாமா, பாதி வழியிலயே வண்டி கொதிச்சுப் போய் நின்னுடுச்சு. மனுஷன் தன்னோட பாட்டில் தண்ணிய மடமடன்னு குடிச்சுட்டாரு. அக்கா மாதிரி ரேடியேட்டருக்கு ஊத்தத் தெரியல" என்றார். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "அதான் மாமா, உறை போட்டு அனுப்புவீங்களே, அந்தப் பாட்டில்தான். கடைசி ஸ்டாப்புல வண்டி ஆறுற வரைக்கும் நின்னு, நீங்க குடுக்கிற துணிய வச்சு மூடியத் திறந்து, அப்படியே முழுசும் ஊத்திடுவாங்க. இல்லன்னா திரும்பி வர முடியாதே" என்றார், ஏதோ எனக்குத் தெரிந்த விஷயம் போல.

ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று டிப்போவில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்களாம். இந்த வெயிலில் எல்லா வண்டியும் கொதிக்கிறது, வரிசையில் வா என்கிறார்களாம். அந்தக் கடைசி நிறுத்தத்தில் ஒரு குழாய் கிடையாது, ஒரு கழிப்பறையும் கிடையாது. ஆண்கள் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறார்கள், இவள் எங்கே போவாள்? அதனால் காலையில் வண்டி ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வரை வாயை நனைப்பதோடு சரி. எப்படியும் நாம் குடிக்கப் போவதில்லை, வண்டியாவது குடிக்கட்டும் என்று கொடுத்திருக்கிறாள். நான் ஆசை ஆசையாக நிரப்பிக் கொடுத்த தண்ணீரை இத்தனை மாதமாகக் குடித்தது பஸ். வீட்டுக்கு வந்ததும் அவள் ஓடியது தண்ணீர் குடித்ததால் இல்லை, நாள் முழுவதும் அடக்கி வைத்ததால்.

நான் மெதுவாகத் திரும்பி உன் அம்மாவைப் பார்த்தேன். அதுவரை விழித்திருந்தவள் சட்டென்று கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டாள். இமை மட்டும் துடிக்கிறது. பேனா டாக்டர் கொண்டையிலிருந்து பேனாவை உருவி, நான் சொல்லி அவர் எழுதி வைத்திருந்ததை ஒரே கோடாக அடித்தார். "இத முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு நேத்து தூக்கம் கெட்டிருக்காது" என்றார். சொன்னவர் சிரிக்க, விசில் மாமா நான் என்ன தப்பா சொல்லிட்டேன் என்று முழிக்க, எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. ஏன்டி வாயைத் திறந்து சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "நீங்க டாக்டர்கிட்ட அவ்வளவு பெருமையா சொல்லிட்டிருந்தீங்க, நடுவுல நான் எப்படிங்க சொல்றது" என்றாள். என் பெருமை கெடக்கூடாது என்று கிட்னியைக் கொடுக்கப் பார்த்தவளை என்ன சொல்லித் திட்டுவது, சொல்லு.

அதற்குப் பின் எல்லாம் நல்லபடியாக நடந்தது. தண்ணீர்க் குறைவுதான் காரணம், வெயில்தான் காரணம், தலைவலி மாத்திரை அதை மோசமாக்கியது, மாத்திரையை நிறுத்தி டிரிப் ஏற்றினால் கிட்னி தானாகத் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். சொன்னது போலவே அளவு ஒவ்வொரு நாளும் இறங்கியது. கடைசி ரிப்போர்ட்டைப் பார்த்து, மெஷினும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அவர் சொன்னபோது என் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், பாவம், பேனாவைக் கீழே போட்டுவிட்டார். பிறகு ஒரு வருத்தமும் சொன்னார். முன்பெல்லாம் உச்சிக் கோடையில் மட்டும் இப்படி ஒன்றிரண்டு பேர் வருவார்கள், இப்போது வரிசை ஓய்வதே இல்லை, புகை வேறு சேர்ந்துகொள்கிறது, நான் மாத்திரை எழுதலாம், வெயிலுக்கு யார் மருந்து எழுதுவது என்று கேட்டார்.

ஆனால் அந்த டாக்டர் கேள்வி கேட்டுவிட்டு உட்காருகிற ஆள் இல்லை. விடுமுறை நாளில் ஒரு நர்ஸோடு டிப்போவுக்கே வந்துவிட்டார். ஒர்க் ஷாப்பில் டயர் அடுக்கியிருந்த இடத்தை ஒதுக்கி, டிரைவர் கண்டக்டர் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார். ஊசியைப் பார்த்து விசில் மாமா அடித்த கூத்தைத் தனியாக எழுத வேண்டும். பலருக்கும் அளவு ஏறித்தான் இருந்ததாம், எல்லோரும் தண்ணீரைத் தவிர்க்கிற ஆட்கள். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் இறங்கி நிற்க நேரமில்லை என்பதுதான் ஆண்கள் சொன்ன காரணம். டிப்போ மானேஜர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு அவருக்கே அளவு அதிகம் என்று வந்ததும் ஆள் பஞ்சாக இளகிவிட்டார். கடைசி நிறுத்தத்தில் பூட்டிக் கிடந்த பழைய டிக்கெட் அறையை உடைத்துக் கழிப்பறை கட்டிவிட்டார்கள், தண்ணீர்த் தொட்டியும் வைத்துவிட்டார்கள். திரும்பும் முன் வண்டி கொஞ்ச நேரம் நின்றுதான் கிளம்ப வேண்டும் என்று டைம் மாற்றியாகிவிட்டது. உன் அம்மா வண்டிக்குப் புது ரேடியேட்டர் வந்துவிட்டது. குப்பை மைதானம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. லாரியில் மண் கொண்டுவந்து மூடுகிறார்கள், இப்போதைக்குப் புகை குறைந்திருக்கிறது, அந்தத் தெருப் பிள்ளைகள் இருமாமல் விளையாடுவதாக அம்மா சொல்கிறாள். அடுத்த கோடையில் எப்படியோ, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல எனக்கு இனிமேல் வாய் வராது, அதனால் விசில் மாமாவும் நானும் இப்போதே மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நான் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். சிவப்பு உறை வண்டிக்கு, நீல உறை அவளுக்கு. புது ரேடியேட்டர் வந்த பிறகு வண்டிக்கு எதற்கு என்று கேட்டேன், பழக்கம் விடவில்லையாம், கொடுக்காமல் அனுப்பினால் அதற்கு வருத்தமாக இருக்கும் என்கிறாள். சரி, இருக்கட்டும். நேற்று சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தாள். நான் மிஷினில் குனிந்திருந்தேன். வழக்கம்போல ஒரு காற்று என்னைத் தாண்டி உள்ளே ஓடும் என்று காத்திருந்தேன், ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் நின்று, நிதானமாக ஒரு செருப்பைக் கழற்றி, அதை ஓரமாக வைத்து, இன்னொன்றைக் கழற்றிக்கொண்டே "இன்னிக்கு என்ன தச்சீங்க" என்று கேட்டாள். அவள் வேலைக்குப் போன நாளிலிருந்து வாசலில் நின்று என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. நான் ஒரு வெறும் தலையணை உறையைத்தான் தைத்துக்கொண்டிருந்தேன், அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன்.

இனி உன் விஷயம். நீ கிரேன் ஓட்டத் தொடங்கிய புதிதில் ஒருநாள் போன் செய்து, ஷிஃப்ட் முழுவதும் கூண்டிலிருந்து கீழே இறங்காமலே வேலை பார்த்தேன் அப்பா, சூப்பர்வைசர் கைதட்டினார் என்றாய். நானும் இங்கிருந்து கைதட்டினேன். அந்த ஏணி எவ்வளவு உயரம் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அம்மா வீடு திரும்பியதும் ரேடியேட்டர் கதையை உனக்குப் போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய், ஆனால் அவள் ஏன் குடிக்கவில்லை என்று நான் சொன்னதும் உன் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று ஹலோ ஹலோ என்று கத்தினேன். லைன் போகவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் புரிந்தது. நீ உன் அம்மாவின் மகள்.

அதனால் உனக்கும் ஒரு உறை தைத்து இதோடு அனுப்புகிறேன், மஞ்சள் துணி, கூண்டில் கொக்கியில் மாட்ட நீளமாக வார் வைத்திருக்கிறேன். அங்கேயும் இந்த வருஷம் வெயில் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். வேலை இடத்தில் கேட்க வேண்டியதைக் கேள், இறங்கி ஏற நேரம் கொடு என்று சொல்ல வெட்கப்படாதே, கைதட்டல் வேண்டுமென்றால் நான் தட்டுகிறேன், நீ இறங்கி வந்ததற்கு. தலைவலி மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே. ஒருமுறை ரத்தம் பரிசோதித்து எனக்கு எழுது. நீ நூறு வயது நல்ல உடம்போடு இருக்க வேண்டும், நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. அம்மா முத்தம் கொடுக்கச் சொன்னாள், வண்டி இப்போது கொதிப்பதில்லை என்றும் எழுதச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். பாட்டில் காலியாகிறதா என்று கேட்கமாட்டேன், அந்தக் கேள்வி என்னை எவ்வளவு அழகாக ஏமாற்றியது என்று பார்த்துவிட்டேன். வாரத்தில் எத்தனை தடவை கீழே இறங்கினாய் என்றுதான் கேட்பேன். அப்பா கேட்கிற கேள்வியா இது என்று நெளியாமல் உண்மையைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக மிஷினை நிறுத்தி வைத்திருக்கும்
அப்பா